துப்பாக்கி லைசென்ஸ்: காரணம் முதலில், துப்பாக்கி கடைசியில்

பெரும்பாலான விண்ணப்பங்கள் கெட்டுப்போவது முதல் நாளிலேயே. ஆள் நேராகத் துப்பாக்கிக் கடைக்குப் போய் ஒரு ரிவால்வரைப் பார்த்து ஆசைப்படுகிறார். பிறகு அதற்கு ஒரு காரணம் தேடுகிறார். அந்தக் காரணம் போலீஸ் விசாரணையில் இரண்டு கேள்விக்குக் கூடத் தாங்காது.

இந்தியாவில் ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல. 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும் 2019 திருத்தமும் சேர்ந்து, ‘உனக்கு ஏன் வேண்டும்?’ என்றுதான் முதலில் கேட்கின்றன. அந்தக் கேள்விக்கான பதிலில் இருந்து கீழே உள்ள வரிசை தொடங்குகிறது. தமிழ்நாட்டில் விண்ணப்பிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான்.

1. உண்மையிலேயே லைசென்ஸ் வேண்டுமா என்று பாருங்கள்

தகர டப்பாவைக் குறிபார்த்துச் சுடுவதுதான் ஆசை என்றால் ஏர் கன் போதும். குழல் விட்டம் .177, அதாவது 4.5 மி.மீ, குழல் முனையில் ஆற்றல் 20 ஜூல். இந்த இரண்டு அளவையும் தாண்டாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அடையாளச் சான்று காட்டி வாங்கலாம்.

இங்கே பலர் சறுக்குவது .22 ஏர் ரைபிளில். 5.5 மி.மீ குண்டு போடும் அதுவும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ஆனால் .177ஐத் தாண்டிவிட்டதால் லைசென்ஸ் வேண்டும். இரண்டு அளவில் ஒன்று மீறினாலே போதும், சட்டத்துக்குள் வந்துவிடும். இணையத்தில் வாங்குபவர்கள் விளம்பரத்தில் ‘லைசென்ஸ் தேவையில்லை’ என்று போட்டிருப்பதை நம்பாமல் இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

லைசென்ஸ் வேண்டாத ஏர் கன்னாலும் கொக்கையோ முயலையோ சுட்டால் அது 1972 வன உயிரினச் சட்டத்தில் தனி வழக்கு.

2. காரணத்தை முடிவு செய்யுங்கள்

சட்டம் ஏற்கும் காரணங்கள் நடைமுறையில் மூன்று: தற்காப்பு, பயிர்ப் பாதுகாப்பு, விளையாட்டு. இதில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். ‘தற்காப்புக்கும் பயிருக்கும்’ என்று இரண்டையும் எழுதினால் கூடுதல் பலம் என்று நினைக்கிறார்கள். விசாரணை அதிகாரிக்கு அது இரண்டுமே பொய் என்றுதான் படும்.

தற்காப்பு என்றால் உங்கள் தொழிலால் வரும் ஆபத்து, நீங்கள் வாழும் பகுதியால் வரும் ஆபத்து, குறிப்பிட்ட ஆளிடமிருந்து வரும் மிரட்டல் இவற்றில் ஒன்றைக் காட்ட வேண்டும். நகைக்கடை, பெட்ரோல் பங்க், தோட்டத்துக்கு நடுவே தனி வீடு போன்றவை இதில் வரும். முன்னாள் ராணுவத்தினர், துணை ராணுவத்தினர், காவல்துறையினர் ஆகியோரின் தேவையையும் விதிகள் தனியாகக் கருதுகின்றன. ஆனால் பணியில் இருந்தார் என்பது மட்டும் போதாது, தேவையும் இருக்க வேண்டும்.

விளையாட்டுக் காரணத்துக்கு ரைபிள் கிளப் உறுப்பினராக இரண்டு ஆண்டுகளாவது தொடர்ந்து சுட்டுப் பழகியிருக்க வேண்டும். நேற்று சேர்ந்த ரசீதை இன்று இணைப்பது வீண்.

பயிர்ப் பாதுகாப்புக்கு நிலம் உங்கள் பேரில் அல்லது உங்கள் சாகுபடியில் இருப்பதற்கான சிட்டா, அடங்கல் வேண்டும். வனத்துறைக்கு முன்பு கொடுத்த பயிர்ச் சேத மனுக்கள் இருந்தால் அவைதான் உங்கள் பக்கத்துச் சாட்சி.

பயிர் லைசென்ஸ் என்பது வேட்டை அனுமதி அல்ல. வெடிச் சத்தத்தால் விரட்டலாம். காட்டுப்பன்றியைச் சுட்டு வீழ்த்தும் அதிகாரம் அந்தக் காகிதத்தில் இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் சிறைக்குப் போன விவசாயிகள் உண்டு.

3. காரணத்துக்குப் பொருந்தும் ஆயுதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த இடத்தில் சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படிப்பது பலன் தரும். படைக்கலச் சட்டத்தின் பிரிவு 13(3) இரண்டு கூறாகப் பிரிகிறது.

முதல் கூறில் வருபவை: தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வழவழப்புக் குழல் (குழலின் உட்புறம் வரிப்பள்ளம் இல்லாத) துப்பாக்கி, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்குக் குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, கிளப் உறுப்பினரின் குறிப் பயிற்சிக்கான துப்பாக்கி (2019 திருத்தத்துக்கு முன் .22 ரைபிள் அல்லது ஏர் ரைபிள் மட்டும்). தகுதிக் குறைவு எதுவும் இல்லையென்றால் இவற்றுக்கு லைசென்ஸ் ‘வழங்க வேண்டும்’ என்கிறது சட்டம்.

இரண்டாவது கூறு மற்ற எல்லாம். ரிவால்வர், பிஸ்டல், பெரிய ரைபிள் இதில் வரும். இவற்றுக்கு ‘நல்ல காரணம்’ இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும்.

ஆகவே தோட்ட வீட்டுக் காவலுக்கு, முதல் கூறில் வரும் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி கேட்பவரின் வழி எளிது. அதே வீட்டுக்கு .32 ரிவால்வர் கேட்பவர், ‘ஏன் கைத்துப்பாக்கிதான் வேண்டும்?’ என்ற கூடுதல் கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். பணப் பையோடு இரவில் வண்டியில் போகிறவருக்கு அந்தப் பதில் இருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவருக்குப் பெரும்பாலும் இல்லை.

.303, 7.62 மி.மீ ரைபிள், 9 மி.மீ பிஸ்டல், தானியங்கி வகைகள் எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம். அதைக் கலெக்டர் தர முடியாது. மத்திய உள்துறைதான் முடிவு செய்யும். சாதாரண விண்ணப்பத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எண்ணிக்கையும் முக்கியம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, முன்பு மூன்று. தாத்தா வழி வந்த துப்பாக்கியும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

4. உங்கள் பெயரில் தடை இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். வன்முறை அல்லது ஒழுக்கக்கேடான குற்றத்துக்குச் சிறைத் தண்டனை பெற்றவருக்கு, தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு வரை தடை. அமைதி காக்கப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பத்திரக் காலம் முடியும் வரை தடை.

பலர் மறப்பது இந்தப் பிணைப் பத்திரத்தைத்தான். ஊர்த் திருவிழாத் தகராறில் ஆர்.டி.ஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) முன் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். வழக்கு இல்லை என்பதால் அது கணக்கில் வராது என்று நினைப்பார்கள். வரும்.

பழைய வழக்கு, விடுதலையானதாக இருந்தாலும், படிவத்தில் சொல்லுங்கள். தீர்ப்பு நகலையும் இணையுங்கள். சொன்ன வழக்கால் மறுக்கப்படுவது ஒரு தடவை. மறைத்தது தெரிந்தால், தகவலை மறைத்துப் பெற்ற லைசென்ஸ் என்று எத்தனை ஆண்டு கழித்தும் ரத்து செய்யலாம்.

சரணாலயத்திலிருந்து 10 கி.மீ சுற்றளவுக்குள் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு தடை இருக்கிறது. வன உயிரினச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்னிசைவு இல்லாமல் அங்கே புது லைசென்ஸ் தரக்கூடாது. முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு பக்கத்து விவசாயிகள் இதற்குத் தனியாகக் காலம் ஒதுக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் கோப்பு நகரவில்லை என்று புலம்புவார்கள்; கோப்பு உண்மையில் வனத்துறையில் இருக்கும்.

5. காகிதங்களை இந்த வரிசையில் சேருங்கள்

முதலில் பயிற்சி. பாதுகாப்பாகக் கையாளுதல், சுடுதல், பராமரித்தல், குழந்தைகள் உள்ள வீட்டில் வைத்திருத்தல் ஆகியவற்றில் பயிற்சி பெற்றதற்கான எஸ்-1 சான்று. இதற்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரோ ரைபிள் கிளப்போ வேண்டும். இடம் கிடைக்க நாளாகும் என்பதால்தான் முதலில்.

அடுத்து அடையாளம், பிறந்த தேதி, முகவரி, கல்வி, தொழில் சான்றுகள். வெள்ளைப் பின்னணியில் சமீபத்திய புகைப்படம் நான்கு. ஆதாரில் ஒரு முகவரி, ரேஷன் கார்டில் இன்னொன்று என்று இருந்தால் இப்போதே ஒன்றாக்குங்கள். எந்தக் காவல் நிலையத்துக்கு விசாரணை போகும் என்பதை முகவரிதான் தீர்மானிக்கிறது. தவறான நிலையத்துக்குப் போன கோப்பு ‘எல்லைக்குட்பட்டவர் அல்ல’ என்று திரும்பி வரும்.

கடைசியில் மருத்துவச் சான்று, எஸ்-3 படிவம். உடல்நலம், மனநலம் இரண்டும் நன்றாக இருப்பதாகவும் போதைப் பழக்கம் இல்லை என்றும் மருத்துவர் எழுத வேண்டும். இதை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றுக்காக மாதக் கணக்கில் காத்திருந்தால், பழைய தேதிச் சான்று என்று திருப்பித் தருவார்கள்.

6. வைக்கும் இடத்தை விண்ணப்பத்துக்கு முன்பே தயார் செய்யுங்கள்

பாதுகாப்பாக வைப்பேன் என்று எஸ்-2 படிவத்தில் உறுதிமொழி தர வேண்டும். கையெழுத்துத்தானே என்று விட்டுவிடாதீர்கள். விசாரணைக்கு வரும் அதிகாரி ‘எங்கே வைப்பீர்கள்?’ என்று கேட்டு அந்த இடத்தைப் பார்ப்பார்.

சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு அலமாரி இருந்தால் நல்லது. துப்பாக்கிக்கு ஒரு பூட்டு. தோட்டாவுக்கு வேறு பூட்டுள்ள பெட்டி, வேறு இடத்தில். இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் தொங்கினால் தனித்தனிப் பூட்டு போட்டதற்கு அர்த்தமே இல்லை.

பீரோவில் புடவைக்கு அடியில் வைப்பேன் என்று சொன்ன பதிலும் அறிக்கையில் ஏறும்.

7. ஏ-1 படிவத்தில் காரணப் பத்தியை எழுதுங்கள்

விண்ணப்பம் ஏ-1 படிவத்தில். மத்திய உள்துறையின் அலிஸ் இணையதளத்தில் நிரப்பி, ஆவணங்களை ஏற்றி, அச்சிட்ட பிரதியோடு உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மாவட்டங்களில் அது கலெக்டர் அலுவலகம். மாநகரக் காவல் எல்லைக்குள் இருந்தால் போலீஸ் கமிஷனர் அலுவலகம். கட்டணம் ஆயுத வகையைப் பொறுத்து மாறும்.

படிவத்தில் பெயர், முகவரி எல்லாம் எழுத்தர் கூட நிரப்பித் தருவார். காரணப் பத்தியை நீங்கள்தான் எழுத வேண்டும். கடைக்காரர்களும் இடைத்தரகர்களும் கையில் வைத்திருக்கும் பத்தி இப்படி இருக்கும்:

‘நான் சமூகத்தில் மதிப்புமிக்கவன். எனக்கு எதிரிகளால் உயிருக்கு ஆபத்து உள்ளது. ஆகவே உரிமம் வழங்க வேண்டுகிறேன்.’

இதில் சரிபார்க்க ஒன்றுமே இல்லை. எதிரி யார், எப்போது மிரட்டினார், எங்கே புகார் கொடுத்தீர்கள்? விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் ‘மனுதாரருக்குக் குறிப்பிட்ட அச்சுறுத்தல் ஏதும் இல்லை’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்.

சரிபார்க்கக்கூடிய பத்தி இப்படி:

‘நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் நடத்துகிறேன். வங்கி 14 கி.மீ தொலைவில் உள்ளது. வாரம் ஆறு நாள் வசூல் பணத்தை நானே எடுத்துச் செல்கிறேன். சென்ற ஆண்டு இரண்டு முறை வழிமறிக்கப்பட்டேன், சி.எஸ்.ஆர் ரசீதும் எஃப்.ஐ.ஆர் நகலும் இணைப்பு 4, 5. வங்கிக் கணக்கு அறிக்கை இணைப்பு 6.’

தூரம், நாள், பணம், ரசீது. நான்கையும் இன்ஸ்பெக்டர் அரை நாளில் சரிபார்த்துவிடலாம். சரிபார்க்க எளிதான கோப்பைத்தான் அவரும் விரும்புவார்.

மிரட்டல் வந்தபோது புகார் கொடுக்காமல் இருந்துவிட்டு, லைசென்ஸுக்காகப் பழைய தேதியில் சம்பவம் சொல்வது வேலைக்கு ஆகாது. புகார்தான் சான்று. அதை அந்தந்த நாளிலேயே கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்க வேண்டும்.

8. போலீஸ் விசாரணையை எதிர்கொள்ளுங்கள்

கோப்பு காவல்துறை வழியாக உங்கள் காவல் நிலையத்துக்கு வரும். பயிர் லைசென்ஸ் என்றால் தாசில்தார், வி.ஏ.ஓ வழியாக வருவாய்த் துறையும் விசாரிக்கும். பக்கத்து வீட்டில் கேட்பார்கள். குடித்துவிட்டுச் சண்டை போடுவாரா, கணவன் மனைவி தகராறு உண்டா, நிலத் தகராறு உண்டா என்பவைதான் கேள்விகள்.

நீங்கள் வாயால் சொல்வதும் படிவத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். தரகர் எழுதிய பத்தியைப் படித்தே பார்க்காதவர்கள் இங்கே மாட்டுகிறார்கள். படிவத்தில் ‘தொழில் எதிரிகள்’ என்று இருக்கும். ஆள் ‘ராத்திரி நாய் குரைக்குதுங்க’ என்பார்.

நிலைய அறிக்கைக்கு 30 நாள் கெடு. அறிக்கை வந்தபின் முடிவெடுக்க உரிமம் வழங்குபவருக்கு 60 நாள். நடைமுறையில் இதைவிட நீளும். ஆனால் குறித்த காலத்தில் போலீஸ் அறிக்கை வராவிட்டால் அதற்காகக் காத்திருக்காமலேயே உத்தரவிடலாம் என்று பிரிவு 13(2ஏ) சொல்கிறது. கெடு தாண்டியபின் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்த ஒப்புகைதான் பேசும்.

9. மறுத்தால்

மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் பதிய வேண்டும். சொத்து இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது. காரணக் குறிப்பைக் கேட்டு வாங்கலாம். பொது நலன் கருதி அந்தக் குறிப்பைத் தர இயலாது என்று சொல்லும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு.

பிரிவு 18 மேல்முறையீட்டுக்கு வழி தருகிறது. 30 நாளுக்குள் போக வேண்டும். அரசே நேரடியாகப் போட்ட உத்தரவுக்கு மட்டும் இந்த வழி இல்லை. மேல்முறையீட்டில் புதுக் காரணம் சொல்லாதீர்கள். எந்த ஆவணத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதைக் காட்டுங்கள்.

10. வாங்குவது

உரிமத்தில் யு.ஐ.என் எனும் தனி அடையாள எண் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். தேசியத் தரவுத்தளத்தில் ஏறியதற்கு அதுதான் அடையாளம்; அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது.

ஆயுத வகை, எந்தத் தேதிக்குள் வாங்க வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா, ஆண்டுக்கு எத்தனை தோட்டா, எந்தப் பகுதியில் செல்லும். இந்த ஐந்தையும் வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வாங்கும் தேதி தாண்டினால் கடைக்காரர் தரமாட்டார். நீட்டிப்பு மனு போட வேண்டும்.

வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்ய, அங்கீகாரம் பெற்ற துப்பாக்கி சுடும் வீரரைத் தவிரத் தனியாருக்குப் பொதுவாக வழியில்லை. கடையில் இருக்கும் வெளிநாட்டுப் பொருள் பெரும்பாலும் பழைய கைமாறல். விலை கண்ணைக் கட்டும். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர்தான் பொதுவாகக் கிடைப்பது.

வாங்கியதும் துப்பாக்கியின் உடம்பில் பொறித்த எண்ணை உரிமத்தில் எழுதிய எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 8ஐ 3 என்று எழுதிவிட்டால் உங்கள் கையில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. அதற்கு இப்போது குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. எழுத்துப் பிழைதான் என்று நிரூபிக்கலாம், ஆனால் ஜாமீன் வாங்கியபிறகு.

பிறகு உரிமம் வழங்கியவரிடம் ஆயுதத்தைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும்.

11. கையில் வந்தபின்

பொது இடத்தில் உறைக்குள்தான், முழுக்க மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம் எதற்கும் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

வீடு மாறினால் 30 நாளுக்குள் புது இடத்து அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். தொலைந்தால் உடனே காவல் நிலையம்; ‘வீட்டில்தான் எங்கோ இருக்கும்’ என்று ஒரு வாரம் தேடாதீர்கள்.

தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்லி ஆணை வரும். நிலையத்தில் கொடுத்து, துப்பாக்கி எண்ணோடும் தோட்டா எண்ணிக்கையோடும் ரசீது வாங்குங்கள். கொடுக்கும் முன் சுத்தம் செய்து எண்ணெய் போடுங்கள். இரண்டு மாதம் நிலைய அறையில் கிடந்து துருப்பிடித்து வரும் குழல்கள் ஏராளம். உங்களுக்கு விலக்கு வேண்டுமானால் மாவட்டப் பரிசீலனைக் குழுவுக்கு மனு கொடுக்கலாம். வங்கிக் காவலர்கள், போட்டியில் சுடும் வீரர்கள் பொதுவாக விலக்குப் பெறுகிறார்கள்.

உரிமம் ஐந்து ஆண்டு செல்லும். முடிவதற்கு 60 நாள் முன்பே புதுப்பிக்க மனு செய்யுங்கள். காலாவதியான மறுநாள் அந்தத் துப்பாக்கி உங்கள் வீட்டில் இருப்பதே குற்றம்.

12. கைமாற்றும்போது

உரிமதாரர் இறந்தால் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். ‘அப்பா ஞாபகமா பீரோவில் இருக்கட்டும்’ என்று வைத்திருக்கும் மகன் சட்டத்தின் பார்வையில் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பவர். பிறகு மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையின்மைக் கடிதத்தோடு தன் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயதானாலோ ஆயுதம் 25 ஆண்டு கையில் இருந்தாலோ வாரிசுக்கு மாற்ற விதி இடம் தருகிறது. வயதான தந்தை கேட்டுக்கொண்டால் இந்த வழிதான் குறைந்த சிக்கல்.

இன்னொரு உரிமதாரருக்கு நேரடியாக விற்பதானால் மாவட்ட நிர்வாக நடுவரான கலெக்டருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குபவரின் உரிமத்தில் அதே ஆயுத வகை இருக்கிறதா, ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கிறாரா என்று அந்த இடைவெளியில் பாருங்கள். அவசரப்பட்டு 40ஆவது நாள் கைமாற்றினால் வழக்கு இரண்டு பேர் மேலும் விழும்.